வாக்குச்சீட்டு வீடு தேடி வரும், முடிவுதான் ஆறுதலாக வரும்: வாஷிங்டன் மாநிலத் தபால் வாக்குச் சேவை ஒரு மதிப்பீடு

அமெரிக்காவில் சியாட்டிலுக்குப் பக்கத்து ரெட்மண்டிலும் கேர்க்லண்டிலும் பிள்ளைகள் வேலை செய்கிற வீடுகள் கொழும்பில் வெள்ளவத்தையிலும் உண்டு, கொட்டாஞ்சேனையிலும் உண்டு. அந்தப் பிள்ளைகளில் அமெரிக்கக் குடியுரிமை எடுத்தவர்கள் வாக்களிக்கப் பள்ளிக்கூடத்து வாசலில் வரிசையில் நிற்பதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் (தலைநகரம் அல்ல, சியாட்டில் இருக்கிற மேற்குக் கரை மாநிலம்) பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் வாக்குச்சீட்டு தபாலில் வீட்டுக்கே வருகிறது. நம் ஊரில் தபால் மூல வாக்களிப்பு என்றால் அரச ஊழியர், பொலிஸார், படையினர் போன்றவர்களுக்கான விசேட ஏற்பாடு. அங்கே அதுதான் பொது முறை. இந்தச் சேவை எப்படி என்பதை, நாடே திரும்பிப் பார்த்த ஒரு தேர்தலை வைத்து எடைபோடலாம்: 2017 நவம்பர் 7, 45ஆவது மாவட்டத்தின் (இங்கே மாவட்டம் என்பது தேர்தல் தொகுதி) செனட் இடைத்தேர்தல்.

முதலில் கணக்கு. அந்த மாநில செனட்டில் 49 ஆசனங்கள். 2016 ஒக்டோபர் கடைசியில் 45ஆவது மாவட்டத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர் அண்டி ஹில் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். டினோ ரொஸி நியமனம் பெற்று அந்த இடத்தில் உட்கார்ந்தார், ஆனால் தேர்தலுக்கு நிற்கவில்லை. அப்போது சபையில் இருந்த நிலை கொஞ்சம் வேடிக்கை. கட்சிப் பெயரை மட்டும் எண்ணினால் ஜனநாயகக் கட்சியினர் 25, குடியரசுக் கட்சியினர் 24. ஆனால் டிம் ஷெல்டன் என்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர் எதிர்ப்பக்கத்தோடு சேர்ந்து இயங்கியதால், 25க்கு 24 என்று சபை குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. கட்சி தாவுவது நமக்குப் பழகிய சங்கதி. இவர் கட்சிப் பெயரை மாற்றாமலே தாவியவர். ஆக, ஹில்லின் ஒரே ஆசனம் கைமாறினால் சபையே கைமாறும். இந்தியாவில் பிறந்து, கிங் கவுண்டியில் (சியாட்டிலை உள்ளடக்கிய நிர்வாகப் பிரிவு) அரச வழக்குத்தொடுநராக இருந்த ஜனநாயகக் கட்சியின் மன்கா திங்க்ரா, குடியரசுக் கட்சியின் ஜின்யங் லீ எங்லண்டை எதிர்த்து ஏறத்தாழ 55 சதவீத வாக்குகளோடு வென்றார். அதே 25க்கு 24, இந்த முறை மறுபக்கம்.

மேல்சபையில் ஒரு ஆசனத்துக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கொழும்பில் கேட்பது நியாயம். நமக்கு இருந்த மூதவை வேறு வகை. 30 பேர், 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, 15 பேர் நியமனம். மக்கள் நேரடியாக யாருக்கும் வாக்களித்ததில்லை. 1971 ஒக்டோபர் 2இல் அதை ஒழித்தும் விட்டார்கள். கோட்டையில் அது கூடிய கட்டடத்தில் இன்று வெளிநாட்டலுவல்கள் அமைச்சு இருக்கிறது. வாஷிங்டன் மாநில செனட் அப்படி ஓரத்தில் இருக்கிற சபை அல்ல. 49 மாவட்டங்களும் தலா ஒருவரை நான்கு ஆண்டுக்கு நேரடியாகத் தெரிவு செய்கின்றன, செனட் சம்மதிக்காமல் எந்தச் சட்டமும் ஆளுநரின் மேசைக்குப் போகாது. 2017இல் மாநிலத்தின் மூலதன வரவு செலவுத் திட்டமே அங்கே சிக்கி நின்றது.

இனிச் சேவைக்கு வருவோம். தேர்தலுக்குக் குறைந்தது 18 நாளுக்கு முன் பொதி அனுப்பப்படுகிறது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு 45 நாள் முன்பே. வாக்குச்சீட்டு, அதை மறைக்கும் உள் உறை, கையொப்பத்துக்கு இடம் விட்ட வெளி உறை: அவ்வளவுதான் பொதி. கறுப்பு அல்லது நீலப் பேனை போதும். நம் சீட்டில் போல் புள்ளடி போடுவதில்லை, பெயருக்குப் பக்கத்து இடத்தை நிரப்ப வேண்டும். தவறிப்போனால் அந்தத் தெரிவின் மேல் கோடு இழுத்துவிட்டு வேறொன்றை நிரப்பலாம், சீட்டு செல்லுபடியாகும். நம் பக்கத்தில் ஒரு பிசகு விழுந்தால் வாக்கு நிராகரிக்கப்பட்டவற்றின் கணக்கில் போய்விடும். இந்த ஒரு விஷயத்துக்கே அவர்களுக்குத் தனிப் புள்ளி கொடுக்கலாம்.

குறை என்று சொன்னால் சின்னம் இல்லாதது. யானை, கை, திசைகாட்டி என்று கண்ணால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது, எழுத்து மட்டுமே. அந்த எழுத்தும் குழப்பும்: பெயருக்குக் கீழே இன்ன கட்சியை 'விரும்புகிறார்' என்றுதான் அச்சிட்டிருக்கும். அது வேட்பாளர் தானாகச் சொன்ன விருப்பம், கட்சி கொடுத்த வேட்புமனு அல்ல. காரணம், ஓகஸ்டில் நடக்கும் முதல் சுற்று. அதில் எல்லாக் கட்சிக்காரரும் ஒரே பட்டியலில் நிற்பார்கள், முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் நவம்பருக்குப் போவார்கள். இருவரும் ஒரே கட்சியாக இருந்தாலும் சரி. கிங் கவுண்டி ஆங்கிலத்தோடு வேறு சில மொழிகளிலும் சீட்டு அச்சிடுகிறது. 2017இல் சீனம், கொரியன், ஸ்பானிய மொழி, வியட்நாமிய மொழி இருந்தன. தமிழ் இல்லை. சீட்டில் தமிழைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது உறுத்தத்தான் செய்யும்.

சேவையில் அதிகம் தடுக்கி விழுகிற இடம் கையொப்பம். அடையாள அட்டையும் இல்லை, சுண்டுவிரல் மையும் இல்லை. வெளி உறையில் போடும் கையொப்பத்தைப் பதிவேட்டில் இருக்கும் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முழுச் சோதனையும். பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்த அன்று மின்திரையில் அவசரமாகக் கீறியது. அன்று முதலெழுத்தும் ஒரு சுழியுமாகப் போட்டவர், உறையில் முழுப் பெயரை அழகாக எழுதினால் பொருந்தாது. அதே போல, தமிழில் கையொப்பமிடுவது பிரச்சினை அல்ல. பதிவேட்டில் தமிழிலும் உறையில் ஆங்கிலத்திலும் போடுவதுதான் பிரச்சினை. கை நடுங்குகிற வயதானவர்கள் ஒரு அடையாளம் இட்டு இரண்டு சாட்சிகளின் கையொப்பத்தோடு அனுப்பலாம். அம்மாவுக்காக மகன் போட்டுவிடுவது கூடவே கூடாது.

பொருந்தாவிட்டால் வாக்கு உடனே குப்பைக்குப் போவதில்லை என்பது இந்தச் சேவையின் மிகப் பெரிய பலம். கடிதம் வரும், கடைசி நாட்களில் தொலைபேசி அழைப்பும் வரும். முடிவு உறுதிப்படுத்தப்படுவதற்கு முந்தின நாள் வரை சரிசெய்து அனுப்பலாம். நவம்பர் தேர்தலில் கவுண்டி உறுதிப்படுத்துவது தேர்தல் முடிந்து 21ஆம் நாள். 2017இல் அது நவம்பர் 28. உறை எங்கே நிற்கிறது, கையொப்பம் ஏற்கப்பட்டதா என்பதை இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். அனுப்பிவிட்டு ஒரு வாரத்துக்குள் பார்க்காதவர்களே பெரும்பாலும் கடைசி நேரத்தில் ஓடித்திரிகிறார்கள்.

திருப்பி அனுப்ப இரண்டு வழி. தபால் என்றால் தேர்தல் நாளுக்குப் பிந்தாத தபால் முத்திரை விழ வேண்டும். பொறி இங்கேதான். தேர்தல் நாள் மாலை, தெருப் பெட்டியில் கடைசி முறை தபால் எடுத்துப்போன பிறகு போட்டால் மறுநாள் முத்திரைதான் விழும், வாக்கு எண்ணப்படாது. 'நான் செவ்வாய்க்கிழமையே போட்டேன்' என்று சொல்லிப் பலனில்லை. வாக்குப் பெட்டி அதைவிட நம்பகம். நூலகம், நகரசபைக் கட்டடம் போன்ற இடங்களில் இரும்புப் பெட்டி இரவுபகலாகத் திறந்திருக்கும், தேர்தல் நாள் இரவு 8 மணிக்குச் சரியாக மூடப்படும். 8 மணிக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு இடம் உண்டு, 8.01க்கு வருபவருக்கு இல்லை.

கொழும்பில் தங்கியிருக்கும் வாக்காளருக்கு மூன்றாவது வழியும் இருக்கிறது. வெளிநாட்டு வாக்காளராக முன்கூட்டியே அறிவித்திருந்தால் சீட்டை மின்னஞ்சலில் பெற்று, அச்செடுத்து, நிரப்பி, உறுதிமொழித் தாளில் கையொப்பமும் திகதியும் இட்டு, ஸ்கேன் செய்து மின்னஞ்சலிலேயே திருப்பி அனுப்பலாம். தொலைநகலும் ஏற்பார்கள். காலி வீதியில் எந்தப் போட்டோக் கொப்பிக் கடையிலும் கால் மணி நேர வேலை. திகதியை விட்டுவிடாதீர்கள்: வெளிநாட்டிலிருந்து தபாலில் போகும் உறைகளுக்கு முத்திரையை விடக் கையொப்பத்தோடு எழுதிய திகதியே கணக்கில் எடுக்கப்படும். மின்னஞ்சல் என்றால் அவர்களுடைய இரவு 8 மணிக்கு முன் போய்ச் சேர வேண்டும். நவம்பரில் அது நமக்கு மறுநாள் காலை 9.30, ஓகஸ்ட் முதல் சுற்றில் 8.30. கோடைகால நேரம் நவம்பர் முதல் ஞாயிறு முடிவதால் பெரும்பாலும் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்புதான் இந்த ஒரு மணி நேரம் மாறுகிறது. நவம்பர் நேரத்தை மனப்பாடம் செய்துவைத்து ஓகஸ்டில் அனுப்பினால் வாக்கு தவறிப்போகும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மின்னஞ்சலில் அனுப்பும் சீட்டில் இரகசியம் அவ்வளவாக இல்லை, அதைப் பிரித்து எடுக்கிற அலுவலர் பார்க்கத்தான் செய்வார்.

இதுவரை புகழ்ந்தாயிற்று. முடிவு பார்க்கிறவரின் பக்கத்தில் இந்தச் சேவை பொறுமையைச் சோதிக்கிறது. நம் தேர்தல் இரவு ஒரு திருவிழா. தபால் வாக்கு முடிவில் தொடங்கி, தொகுதி தொகுதியாக விடியும் வரை வந்துகொண்டே இருக்கும், தேநீர் ஆறாது. அங்கே இரவு 8.15 அளவில் ஒரே ஒரு தொகை வெளியாகும் (நமக்குக் காலை 9.45). அதோடு அன்றைய கடை மூடியாயிற்று. உறைகளைப் பிரித்து இயந்திரத்தில் படிப்பதை முன்கூட்டியே செய்யலாம், கூட்டிப் பார்ப்பது மட்டும் 8 மணிக்குப் பிறகு. அதனால் முதல் தொகை என்பது நேரத்தோடு அனுப்பியவர்களின் வாக்கு. கடைசி நாளில் பெட்டியில் குவிந்ததும் தபாலில் வருவதும் அடுத்த நாட்களில் சேரும். கிங் கவுண்டி வேலை நாட்களில் மாலை 4 மணியளவில் புதிய கணக்குப் போடும். நமக்கு அதிகாலை 5.30. முந்தி அனுப்புகிறவரும் பிந்தி அனுப்புகிறவரும் ஒரே மாதிரி வாக்களிப்பதில்லை. சியாட்டில் நகரத் தேர்தல்களில் பிந்தி வரும் உறைகள் இடது பக்கம் சாய்வது தெரிந்த சங்கதி. 45ஆவது மாவட்டத்தில் வித்தியாசம் பத்துச் சதவீதப் புள்ளி அளவில் இருந்ததால் முதல் இரவே சபை கைமாறியது விளங்கிவிட்டது. இரண்டு மூன்று புள்ளியாக இருந்திருந்தால் ஒரு மாநிலத்தின் மேல்சபை யாருடையது என்று ஒரு கிழமை யாருக்கும் தெரிந்திருக்காது.

இன்னும் நெருங்கினால் சட்டமே மீண்டும் எண்ணச் சொல்லும். வித்தியாசம் 2,000 வாக்குக்கும் அரைச் சதவீதத்துக்கும் குறைந்தால் இயந்திரத்தில் மறுகணக்கு. சட்டசபை ஆசனத்தில் 150 வாக்குக்கும் கால் சதவீதத்துக்கும் குறைந்தால் கையால். இதன் கொடுமையை முழுதாக அனுபவித்தவர், ஹில்லின் ஆசனத்துக்கு நியமனம் பெற்ற அதே டினோ ரொஸி. 2004 ஆளுநர் தேர்தலில் முதல் எண்ணிக்கையில் 261 வாக்கால் முன்னிலை, இரண்டாவதில் 42, மூன்றாவது முறை கையால் எண்ணியபோது கிறிஸ்டீன் கிரெகோயர் 129 வாக்கால் வென்றார்.

பணக் கணக்கு பார்க்கும் தளம் பற்றி ஒரு வார்த்தை. 1972 மக்கள் முன்மொழிவால் உருவான பகிரங்க வெளிப்படுத்தல் ஆணைக்குழு, யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. 2017 போட்டி அதுவரை அந்த மாநிலம் கண்ட சட்டசபைப் போட்டிகளில் மிகச் செலவானது. தேடும்போது வேட்பாளர் திரட்டியதையும் வெளிக் குழுக்கள் தனியாகச் செலவழித்ததையும் சேர்த்துக் கூட்டுங்கள், முதலாவதை மட்டும் பார்த்தால் கதையில் பாதிதான் கிடைக்கும்.

2017இன் சேவையும் இன்றைய சேவையும் ஒன்றல்ல, மாற்றியதும் அந்தத் தேர்தலே. அப்போது உறைக்கு வாக்காளர் தன் காசில் 49 சத முத்திரை ஒட்ட வேண்டும். இணையத்தில் பதிவு செய்வதற்கான கடைசி நாள் தேர்தலுக்கு 29 நாள் முன்பே முடிந்துவிடும். 2018 ஜனவரி 8இல் புதிய பெரும்பான்மையோடு செனட் கூடியது. சிக்கிக் கிடந்த மூலதன வரவு செலவுத் திட்டம் அந்த மாதமே அதைத் தடுத்துவைத்திருந்த கிராமப்புறக் கிணற்றுத் தண்ணீர்ப் பிரச்சினைக்கு ஒரு சமரசத்தோடு நிறைவேறியது. ஆண்டுக்கணக்காகச் செனட்டில் மடிந்துகொண்டிருந்த வாக்குரிமைச் சட்டமும், தேர்தல் நாளன்றே பதிவு செய்யும் வசதியும் மார்ச்சில் ஆளுநர் ஜே இன்ஸ்லியின் கையொப்பம் பெற்றன. 2019 நடுப்பகுதியிலிருந்து தேர்தல் நாள் இரவு 8 வரை நேரில் போய்ப் பதிந்து வாக்களிக்கலாம். இணையத்தில் என்றால் 8 நாள் முன்பு வரை. முத்திரைச் செலவை 2018 முதல் அரசு ஏற்றது, 2019இல் அதற்கு நிரந்தரச் சட்டமும் வந்தது.

புள்ளி போட்டால் வாக்காளருக்கான சேவைக்கு 5இல் 4½. கையொப்பத்தை இவ்வளவு நம்பியிருப்பதற்காக அரைப் புள்ளி குறைத்தாயிற்று. முடிவு அறிவிக்கும் சேவைக்கு 3. முடிவுத் தளத்தைத் திறந்ததும் சதவீதத்துக்கு மேலே கண்ணை ஓட விடாமல், இன்னும் எண்ண மீதி எத்தனை என்ற மதிப்பீட்டை முதலில் தேடுங்கள். அந்த எண், முன்னிலையில் இருப்பவரின் வித்தியாசத்தைப் போல் பல மடங்காக இருந்தால், கணினியை மூடிவிட்டு மறுநாள் காலை 5.30க்கு வாருங்கள்.