தொட்டியோடு விழுந்த ஆர்க்கிட்: கரியா, பாசியா, தண்ணீரா?

பூக்கும் காலத்தில் ஃபெலனாப்சிஸ் வகை ஆர்க்கிட் செடிக்கு மேல்பாரம் அதிகம். நீண்ட பூத்தண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். அடியில் இருப்பதோ எடையே இல்லாத பிளாஸ்டிக் தொட்டி. ஒரு பலத்த காற்றோ ஒரு பூனையோ போதும். விழுந்த செடியைக் காப்பாற்ற மூன்று யோசனைகள் வரும். கரியும் தேங்காய் மட்டையும் கலந்து உடனே நட்டுவிடு என்பார் ஒருவர். ஈரப் பாசியில் வைத்துப் பாலித்தீன் பையால் மூடு என்பார் அடுத்தவர். கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தாலே வேர்விடும் என்பார் மூன்றாமவர். மூன்று வழியிலும் செடிகள் பிழைத்ததுண்டு. ஆனால் எத்தனை வேர்கள் உயிரோடு மிஞ்சியிருக்கின்றன என்று பார்க்காமல் எந்த வழியிலும் இறங்கக்கூடாது என்பது என் கட்சி.

பார்ப்பது எளிது. செடியை வெளியே எடுத்து வேர்களை நனைத்தால், உயிருள்ள வேரின் வெள்ளி நிறம் பச்சையாக மாறும். தொட்டிக்குள் ஒளிபடாமல் வளர்ந்தவை மஞ்சளாகவும் இருக்கலாம். ஆகவே நிறத்தைவிட விறைப்பை நம்புங்கள். விரலால் அழுத்தும்போது கெட்டியாக நின்றால் அது நல்ல வேர். பழுப்பாகி நசுங்கினால் வெட்டிவிடலாம். மேல்தோல் உரிந்து உள்நரம்பு மட்டும் கம்பிபோலத் தெரியும் வேரை வெட்ட வேண்டாம். அது தண்ணீர் உறிஞ்சாவிட்டாலும் செடியை ஆடாமல் பிடித்துக்கொள்ளும்.

இலை விஷயத்தில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஒடிந்த இலை மறுபடி ஒட்டாது, உண்மைதான். ஆனால் வேரை இழந்த செடிக்கு அந்த இலையில் இருக்கும் நீர்தான் கையிருப்பு. கிழிசல் உலர்ந்திருக்கும்வரை அதைத் தொடாதீர்கள். நீர்கோத்துக் கறுத்துப் பரவினால் மட்டும், கறுப்பைத் தாண்டி நல்ல பச்சைப் பகுதியில் வெட்டுங்கள். கத்தியை ஸ்பிரிட்டால் துடைப்பதைவிடத் தீயில் காட்டுவது மேல். ஆர்க்கிட்டைத் தாக்கும் சிம்பிடியம் மொசைக் வைரஸ் போன்றவை ஒரு செடியின் சாற்றிலிருந்து அடுத்த செடிக்குப் பெரும்பாலும் கத்தி வழியாகத்தான் போகின்றன. அவற்றுக்கு மருந்து கிடையாது.

வெட்டுவாயில் சமையலறைப் பட்டையைப் பொடித்துத் தூவலாம். காயத்தை உலர்த்தும், பூஞ்சையையும் தடுக்கும். அதே குணத்தால் வேரையும் உலர்த்திக் கொன்றுவிடும் என்பதால் வேரில் படவே கூடாது. தேன், சர்க்கரைத் தண்ணீர், இளநீர் ஆகியவற்றையும் சிலர் சொல்கிறார்கள். ஆர்க்கிட் திசு வளர்ப்புக் கூடங்களில் இளநீர் சேர்ப்பது உண்மை. ஆனால் அங்கே எல்லாம் கிருமி நீக்கப்பட்ட கண்ணாடிக் குடுவைக்குள் நடக்கிறது. திறந்த காயத்தில் இனிப்பு பட்டால் முதலில் வளர்வது பூஞ்சைதான்.

இனி மூன்று வழிகள். நான்கைந்து நல்ல வேர்கள் மிஞ்சியிருந்தால் எனக்குக் கரிக்கலவைதான். விறகுக்கரித் துண்டு, ஓட்டுச்சில்லு, தேங்காய் மட்டைத் துண்டு மூன்றும் போதும். பைன் பட்டை கிடைத்தால் மட்டைக்குப் பதில் அதைப் போடலாம். மட்டையில் உப்பு இருக்கும். பலமுறை ஊறவைத்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவாமல் சேர்த்தால் காயம்பட்ட வேர் முனைகள் கருகும். இந்தக் கலவையின் பெரிய பலம் காற்றோட்டம். ஃபெலனாப்சிஸ் இயற்கையில் மரத்தைப் பற்றி வளரும் செடி. அதன் வேருக்கு ஈரம் எவ்வளவு தேவையோ அவ்வளவு காற்றும் தேவை. அடிபட்ட செடிகளில் பெரும்பாலானவை காயத்தால் சாவதில்லை, இரக்கப்பட்டு ஊற்றிய தண்ணீரில் அழுகித்தான் சாகின்றன. கரியில் அப்படி ஊற்றினாலும் வடிந்துவிடும். குறை என்னவென்றால் சீக்கிரம் காய்ந்துபோகும். வேர் குறைந்த செடி அதில் தாக்குப்பிடிக்காது.

ஒன்றிரண்டு வேர்களே மிஞ்சினால், அல்லது ஒன்றுமே இல்லையென்றால், பாசிதான் சரி. ஸ்பாக்னம் பாசியை நனைத்து, ஒரு சொட்டும் வடியாதபடி இறுகப் பிழிந்து, தண்டின் அடியில் தளர்வாக வைக்க வேண்டும். அமுக்கி அடைத்தால் காற்று போகாது. பையால் மூடும் முறை குளிர் நாடுகளில் வளர்ப்பவர்களிடமிருந்து வந்தது. சென்னையின் மே மாதத்தில் மூடிய பைக்குள் செடி வெந்துவிடும். கொடைக்கானலிலோ ஏற்காட்டிலோ அது சரிவரும். சமவெளியில் பையின் வாயைத் திறந்தே வைத்து, நேர்வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வையுங்கள். கடலோர ஊர்களின் காற்றில் ஏற்கெனவே ஈரம் இருப்பதால் பை இல்லாத மண்தொட்டியே பல வீடுகளில் போதும்.

தண்ணீர் முறையை நான் கடைசியில்தான் வைப்பேன். வேர் வருவதைக் கண்ணால் பார்க்கலாம் என்பது அதன் கவர்ச்சி. ஆனால் காற்றில் வளர்ந்த பழைய வேர்கள் மூழ்கிக் கிடந்தால் பெரும்பாலும் அழுகும். தண்ணீரிலேயே முளைத்த புதுவேர்தான் அதற்குப் பழகும். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் இந்த முறையே வேண்டாம், மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ வேண்டும். முயல்பவர்கள் வேர்நுனி மட்டும் நனையும் அளவுக்கு ஊற்றி, இடையிடையே ஓரிரு நாள் உலரவிடுங்கள்.

எந்த வழியானாலும் இரண்டு வேலைகள் பொது. வெட்டிய பின் ஓரிரு நாள் நிழலில் காயம் உலர்ந்த பிறகே நட வேண்டும். நட்டதும் செடியை ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டி அசையாமல் நிறுத்த வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். செடி ஆடினால் மிளகு அளவில் எட்டிப்பார்க்கும் புதுவேர் நுனி கரியில் உரசி முறிந்துவிடும், உழைப்பெல்லாம் வீண்.

வேர்கள் நன்றாக இருந்து பூத்தண்டு மட்டும் ஒடிந்திருந்தால், அடியிலிருந்து மூன்றாவது கணுவுக்கு மேலே வெட்டுங்கள், பக்கக்கிளை வரலாம். வேர் போயிருந்தால் தண்டை முழுதாக வெட்டிப் பூச்சாடியில் வைப்பதே செடிக்குச் செய்யும் உதவி.

குருத்தே முறிந்துபோனால் கதை வேறு. ஃபெலனாப்சிஸுக்கு வளர்முனை ஒன்றுதான். அது திரும்ப வராது. இலைக்கக்கத்திலிருந்தோ அடித்தண்டிலிருந்தோ பக்கக்கன்று வரக்கூடும், அதற்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இலைகளும் வேர்களும் பச்சையாக இருக்கும்வரை தூக்கி எறியாதீர்கள். விழுந்தது டென்ட்ரோபியம் வகை ஆர்க்கிட் என்றால் இவ்வளவு கவலையே வேண்டாம்: ஒரு தண்டு முறிந்தாலும் அடிக்கிழங்கிலிருந்து அடுத்தது கிளம்பும், முறிந்த தண்டை ஈரப் பாசிமேல் படுக்கவைத்தால் கணுக்களில் கன்றுகூட வரலாம். இரண்டுக்குமே புதுவேர் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளும்வரை உரம் கிடையாது. அதன் பிறகும் பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவில் கால்பங்குதான்.