பினாங்கு முறுக்குக்கு எது காவல்: வணிக முத்திரையா, புவிசார் குறியீடா?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் முறுக்கைப் பொட்டலம் போட்டு விற்பவருக்கு முதலில் தேவை வணிக முத்திரைதான். மலேசியாவின் 2019 வணிக முத்திரைச் சட்டப்படி ஒருவர் தனியாகவே விண்ணப்பிக்கலாம். 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆனால் 'பினாங்கு முறுக்கு' என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், ஊரையும் பொருளையும் சொல்லும் பொதுப்பெயர் என்று தள்ளிவிடுவார்கள். கடைக்கே உரிய தனிப்பெயர் வேண்டும். எந்தப் பொருளுக்கு, எந்தச் சேவைக்கு முத்திரை என்று குறிக்கும் வகுப்பு எண்ணையும் கவனியுங்கள்: அரிசி மாவு முறுக்குக்கு 30, உணவகச் சேவைக்கு 43. வெறும் 43-ஐ எடுத்தால் பொட்டலம் காப்பில்லாமல் நிற்கும்.

புவிசார் குறியீடு காப்பது ஊர்ப்பெயரை. சரவாக் மிளகு அப்படிப் பதிவானதே. தரமோ நற்பெயரோ அந்த வட்டாரத்தால் வந்தது என்று நிறுவ வேண்டும். அங்கேதான் பல விண்ணப்பங்கள் தடுமாறும். கிடைத்தாலும் அது தனிச்சொத்து அல்ல, நிபந்தனைப்படி செய்யும் அவ்வட்டார உற்பத்தியாளர் எல்லாருக்கும் பொது.

மணப்பாறை முறுக்கு 2023-இல் இந்தியாவில் இக்குறியீட்டைப் பெற்றது. அந்தப் பதிவு தானாகக் கடல் தாண்டாது. மலேசியாவில் தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

செய்முறையை முத்திரை காக்காது. குறியீடும் அதை யாருக்கும் தனியுரிமை ஆக்காது. அரிசி, உளுந்து அளவை ஓரிருவருக்கு மட்டும் சொல்லி, ஊழியரிடம் ரகசியக் காப்பு ஒப்பந்தம் எழுதி வாங்குங்கள்.