மொழி ஆசிரியர் வேலையா? அசல் சான்றிதழைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கல்லூரிகள் ஆள் எடுக்கும் பருவம் இது. ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களில் 'பிரெஞ்சு, உதவிப் பேராசிரியர், ஓர் இடம்', 'ஜெர்மன், ஜப்பானிய மொழிப் பயிற்றுநர்கள் தேவை' என்று விளம்பரங்கள் வரிசையாக வருகின்றன. நேர்மையான நிறுவனங்களும் அவற்றில் உண்டு. ஆனால் வெளிநாட்டு மொழி ஆசிரியரை ஏமாற்றுவது மற்றத் துறை ஆசிரியரை ஏமாற்றுவதைவிட எளிது. வணிகவியல் துறையில் பத்துப் பேர் இருப்பார்கள். புதிதாகச் சேர்ந்தவர் உணவு இடைவேளையிலேயே எல்லா விவரத்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வார். பிரெஞ்சுக்கு ஒரே ஒருவர்தான். அவர் போன பிறகுதான் நீங்கள் வருகிறீர்கள். அவர் ஏன் போனார் என்று சொல்ல அங்கே யாரும் இருப்பதில்லை.

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சு முதுகலை படித்தேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்விலும் பிரெஞ்சுப் பாடத்தில் தேறியிருக்கிறேன். முதலில் மெட்ரிக் பள்ளிகளில்தான் வேலை பார்த்தேன். 2006-ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்து, மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகளில் முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயமானது. அந்தச் சட்டம் சரியானது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதே சமயம், அந்தப் பள்ளிகளில் பிரெஞ்சு ஆசிரியருக்கு மிஞ்சியது பெரும்பாலும் பிளஸ் ஒன், பிளஸ் டூ பாடவேளைகள் மட்டுமே. 'பத்து மாதச் சம்பளம், மே மாதம் கிடையாது' என்ற வாய்மொழி ஏற்பாட்டில் இரண்டு கிளைப் பள்ளிகளுக்கு அலைந்துகொண்டிருந்தவர்கள் பலர் கல்லூரிப் பக்கம் திரும்பினோம். கலைக் கல்லூரிகளில் பகுதி ஒன்று மொழிப்பாடமாகத் தமிழுக்குப் பதில் பிரெஞ்சை எடுக்கும் மாணவர்கள் எப்போதும் இருப்பதால், அங்கே இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கை எங்களுக்கு இருந்தது.

சென்னைப் புறநகரில் உள்ள ஒரு சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரியின் விளம்பரம் கண்ணில் பட்டது. 'யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறைப்படி ஊதியம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். நேர்முகத் தேர்வில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கும் பிரெஞ்சு தெரியாது. பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். இரண்டு நிமிடத்தில் போதும் என்றார்கள். அதன் பிறகு கேட்டவை மூன்று கேள்விகள். நெட் சான்றிதழ் அசல் இருக்கிறதா? எப்போது சேர முடியும்? மாணவர் சேர்க்கைக்கு எத்தனை பேரை அழைத்து வருவீர்கள்? மொழி ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தவர்கள் அந்த மொழியில் ஒரு வார்த்தை கூடக் கேட்காவிட்டால், அவர்களுக்குத் தேவை உங்கள் பாடம் இல்லை. பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பட்டியலில் தகுதியுள்ள ஒரு பெயர் தேவை. பிரெஞ்சில் நெட் தேறியவர்கள் அதிகம் இல்லை என்பதால் அந்தப் பெயருக்கு மதிப்பும் அதிகம்.

பணியில் சேர்ந்த அன்றே அசல் சான்றிதழ்களைக் கேட்டார்கள். பல்கலைக்கழகத்தின் தகுதி ஒப்புதலுக்குக் காட்ட வேண்டும், ஒரு வாரத்தில் திருப்பித் தருகிறோம் என்று முதல்வரே சொன்னார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் முதல் முதுகலைப் பட்டம், நெட் சான்றிதழ் வரை எல்லாம் ஒரு கோப்பில் ஏறி, தாளாளர் அறையில் இருந்த இரும்பு அலமாரிக்குப் போயின. பெற்றுக்கொண்டதற்கு ஒரு சீட்டு கேட்டேன். "இத்தனை வருடமாக யாருக்கும் கொடுத்ததில்லை மேடம், பயப்படாதீர்கள்" என்றார் அலுவலகக் கண்காணிப்பாளர்.

பணி நியமன ஆணையில் அடிப்படை ஊதியம் 57,700 ரூபாய் என்று இருந்தது. ஏழாவது ஊதியக் குழுப்படி உதவிப் பேராசிரியருக்கான தொடக்க ஊதியம் அதுதான். முதல் மாதம் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் போக மீதி என் கணக்கில் ஏறியது. மறுநாள் காலை கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு வந்தது. "மேடம், சம்பளம் ஏறிவிட்டதா? மதியத்துக்குள் ஒரு நடை வந்து போங்கள்." போனேன். 30,000 ரூபாயை ரொக்கமாகத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்கள். ரசீது கிடையாது. நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு டிக் போட்டுக்கொண்டார் கணக்கர். மறுத்தால் என்ன ஆகும் என்று கேட்டேன். "உங்கள் ஒரிஜினல் எல்லாம் இங்கேதானே இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அது மிரட்டல்தான், எவ்வளவு மெதுவான குரலில் சொல்லப்பட்டாலும்.

ஒவ்வொரு மாதமும் இது நடந்தது. சம்பளம் ஏறிய மறுநாள் கல்லூரி வாசலில் இருக்கும் ஏடிஎம் முன்னால் ஆசிரியர்கள் வரிசையில் நிற்பார்கள். முனைவர் பட்டம் பெற்றவர்கள், தலைமுடி நரைத்தவர்கள், கைக்குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள். ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். உழைத்துப் பெற்ற பணத்தை எடுத்து, உறையில் போட்டு, கொடுத்தவர்களிடமே திருப்பிக் கொடுக்க நிற்கும் வரிசை அது. வருமான வரிக் கணக்கில் முழுத் தொகையும் நம் வருமானமாகவே இருக்கும். கைக்கு வராத பணத்துக்கும் நாம்தான் கணக்குக் காட்ட வேண்டும்.

மாணவர்களுக்கு நடந்தது இதைவிட மோசம் என்று நினைக்கிறேன். பிரெஞ்சு எடுத்தவர்களிடம் தனியாக ஒரு மொழிக் கட்டணம் வசூலித்தார்கள். பி.காம்., பிபிஏ, பி.எஸ்சி. எனப் பல பிரிவு மாணவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் இருக்கும் வகுப்பில் ஒருவருடைய உச்சரிப்பைக்கூடக் கேட்டுத் திருத்த முடியாது. விளக்கக் கையேட்டில், கல்லூரியிலேயே டெல்ஃப் சான்றிதழ் வழங்கப்படும் என்று அச்சிட்டு, அதற்கும் பணம் வாங்கியிருந்தார்கள். டெல்ஃப் என்பது பிரான்ஸ் நாட்டுக் கல்வி அமைச்சகத்தின் பிரெஞ்சு மொழித் திறன் சான்றிதழ். அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் தேர்வு எழுதித்தான் அதைப் பெற முடியும். அந்தக் கல்லூரிக்கு அதை வழங்கும் அதிகாரம் இல்லை. இதைத் தாளாளரிடம் நேரில் சொன்னேன். "அது சேர்க்கைக்காகப் போட்டது மேடம், அதையெல்லாம் நீங்கள் மாணவர்களிடம் பேச வேண்டாம்" என்றார். நான் பேசினேன். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, திருவள்ளூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வருபவள், வீட்டில் கடன் வாங்கி அந்தக் கட்டணத்தைக் கட்டியிருந்தாள். உண்மையான ஆர்வத்தோடு மொழியைப் படித்தவள். அவளிடம் இதைச் சொல்ல வேண்டியிருந்ததை நினைத்தால் இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

இரண்டாம் பருவத்தில் பல்கலைக்கழக ஆய்வுக் குழு வந்தது. அதற்கு முந்தைய நாள் மொழி ஆய்வகத்தைத் திறந்தார்கள். அப்படி ஓர் ஆய்வகம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஹெட்போன்களின் நெகிழி உறை பிரிக்கப்படாமல் இருந்தது, உட்கார்ந்து பிரித்தோம். குழுவிடம் என்னைப் 'பிரெஞ்சுத் துறைத் தலைவர்' என்று அறிமுகப்படுத்தினார்கள். நெட் சான்றிதழைக் கோப்பிலிருந்து எடுத்துக் காட்டிவிட்டு மீண்டும் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

குழு போன பிறகு கதை மாறியது. பிரெஞ்சுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில்தான் பாடவேளை இருக்கிறது, முழுநேரப் பணிக்கு வேலை போதாது, இனி மணிக்கு 300 ரூபாய் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். இரண்டு ஆண்டுப் பாடம் என்பது விளம்பரம் கொடுத்தபோதே அவர்களுக்குத் தெரியும். கௌரவ விரிவுரையாளருக்கு ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் அதிகபட்சம் 50,000 ரூபாய் என்று யுஜிசி 2019-லேயே அறிவித்திருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டி மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை, ஏப்ரல், மே மாதச் சம்பளமும் வரவில்லை. பணியிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் சான்றிதழ் என்றார்கள்.

இந்த இடத்தில்தான் பலரும் கடன் வாங்கியாவது பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வருகிறார்கள். கட்ட வேண்டியதில்லை. கல்விச் சான்றிதழ் சந்தைப் பொருள் அல்ல, அதை ஈடாகப் பிடித்து வைக்க முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்ற கவலையும் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். நான் அங்கேதான் போனேன். அவர்கள் அமர்த்திக் கொடுத்த வழக்கறிஞர், ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பினார். அத்தனை மாதம் கெஞ்சியும் கிடைக்காத கோப்பு, சில நாட்களில் என் கைக்கு வந்தது. முதுகலைப் பட்டச் சான்றிதழின் ஓரத்தில் மட்டும் துளை போட்டிருந்தார்கள்.

பிஎஃப் விஷயமும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் வேலை பார்த்தபோதே எனக்கு யுஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் கணக்கு எண் இருந்தது. கல்லூரி மாதாமாதம் பிடித்த தொகை கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாஸ்புக்கைப் பார்த்தால், ஒரு மாதம்கூட ஏறவில்லை. சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் விடுவது குற்றம். இதற்குத் தனியாக வருங்கால வைப்பு நிதி அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறேன். பாஸ்புக்கை மாதம் ஒரு முறை பாருங்கள். இணையத்திலேயே பார்க்கலாம்.

பிரெஞ்சுக்கு மட்டும் நேர்வது அல்ல இது. இந்தியத் திறன் பணியாளர்களுக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக உயர்த்துவதாக 2024-இல் ஜெர்மனி அறிவித்த பிறகு, நர்சிங் கல்லூரிகள் ஜெர்மன் ஆசிரியர்களைத் தேடுகின்றன. தோழி ஒருத்தி அப்படி ஓர் இடத்தில் சேர்ந்தாள். ஜெர்மன் எழுத்து கூடத் தெரியாத மாணவிகளை மூன்று மாதத்தில் பி1 என்ற இடைநிலை மொழித் திறனுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. தொடக்கத்திலிருந்து பி1 வரை வர 45 நிமிடப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவைப்படும் என்பது ஜெர்மன் மொழி கற்பிக்கும் கோத்தே நிறுவனம் சொல்லும் கணக்கு. மாணவிகள் மருத்துவமனைப் பயிற்சியும் முடித்துவிட்டு, மாலையில் கண் சொருகிக்கொண்டு வகுப்புக்கு வருவார்கள். அவர்கள் தேறவில்லை என்பதைக் காரணம் காட்டி அவளுடைய கடைசிச் சம்பளத்தை நிறுத்திவிட்டார்கள். காலக்கெடுவோடு தேர்ச்சி விகிதத்தை உங்கள் ஊதியத்துடன் முடிச்சுப்போடும் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, உங்களுக்கு முன் அந்த மொழியைக் கற்பித்தவர் யார் என்பதுதான். கல்லூரி சொல்லாவிட்டால், பழைய மாணவர்கள் சொல்வார்கள். அவரை அழைத்துப் பேசுங்கள். நான் விலகிய பிறகுதான் எனக்கு முன் இருந்தவரின் எண் கிடைத்தது. அதே அலமாரி, அதே நோட்டுப் புத்தகம், அதே பென்சில் டிக். அவருக்கும் முன்பு இருந்தவருக்கும் அதேதான் நடந்திருக்கிறது.

அசலைக் காட்டுங்கள்; சரிபார்த்ததும் கையோடு எடுத்துக்கொண்டு வாருங்கள். கொடுத்தே ஆக வேண்டிய நாள் வந்தால், எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் திரும்ப வரும் என்று எழுதி முத்திரையுடன் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மறுக்கிறவர்களிடம் வேலையே வேண்டாம். ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் வங்கிக் கணக்கு விவரத்தையும், பணம் எடுத்த ஏடிஎம் சீட்டுகளையும், அலுவலகத்திலிருந்து வரும் குறுஞ்செய்திகளையும் பத்திரமாக வையுங்கள். ஏடிஎம் சீட்டின் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும். உடனே நகல் எடுங்கள். மாதாமாதம் சம்பளம் ஏறிய மறுநாள் ஒரே தொகை வெளியே போயிருப்பதை வங்கிக் கணக்கே காட்டும்.

திருப்பிக் கொடுத்த பணமும் நிலுவைச் சம்பளமும் இன்னும் வரவில்லை. கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். மாணவர்களிடம் வாங்கிய டெல்ஃப் கட்டணத்தையும் அதில் சேர்த்திருக்கிறேன். எனக்கு முன் அங்கே பிரெஞ்சு கற்பித்த இருவரும் தங்கள் வங்கிக் கணக்கு நகல்களோடு எழுத்துமூலம் வாக்குமூலம் தந்துவிட்டார்கள்.