வெல்வெட் ஹேங்கர் ரிவ்யூ: எந்தத் துணிக்கு ஓகே, எதுக்கு வேண்டாம்

முதல்லயே சொல்லிடறேன், இந்த மெல்லிசான வெல்வெட் ஹேங்கர தாராளமா வாங்கலாம், 5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். பாக்கெட் மேல "இடம் மிச்சம்"னு பெருசா போட்டிருப்பாங்க, அதுவும் உண்மைதான், ஆனா எனக்கு அதவிட பெரிய லாபமா படறது காலைல கதவத் திறந்தவுடனே இருக்கற துணி மொத்தமும் கண்ணுக்குத் தெரியறது. ரெடியாகற நேரம் குறையறதே அதனாலதான்.

பெரும்பாலான வீட்டு அலமாரியில ஹேங்கர் கலப்படமாத்தான் இருக்கும். ரெண்டு மரம், நாலு பிளாஸ்டிக், சட்டை வாங்கறப்ப கூட வந்தது சிலது, லாண்டரிலேருந்து வந்த கம்பி ஹேங்கர் சிலது. ஒவ்வொண்ணுக்கும் கொக்கி உயரம் வேற, தோள் சரிவு வேற, அகலம் வேற. அதனால ஒரு சட்டை மேல தூக்கிட்டு நிக்கும், பக்கத்துல இருக்கறது அதுக்குள்ள புதைஞ்சு போயிடும், கண்ணு ஒரு ஓட்டத்துல போகாது. போட்டதையே திரும்பத் திரும்ப போடறோமே, அதுக்குக் காரணம் மத்த துணி பிடிக்காததுன்னு நினைக்கறோம், பாதி கேஸ்ல அது கண்ணுல படாததுதான் காரணம். எல்லாமே ஒரே மாடல் ஹேங்கர்னா காலரெல்லாம் ஒரே கோட்டுல நிக்கும், புத்தகப் பக்கத்தப் புரட்டற மாதிரி விரலால ஒண்ணொண்ணா தள்ளிப் பாத்துடலாம்.

இடம் எவ்ளோ மிச்சமாகும்னு கேட்டா, கணக்கு சிம்பிள். வெல்வெட் ஹேங்கர் தடிமன் 5, 6 மில்லிமீட்டர்தான் இருக்கும், மர ஹேங்கர் 12 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ. 40 ஹேங்கர் மாட்டினா மரத்துக்கே 48 சென்டிமீட்டர் போயிடும், இதுல 24 சென்டிமீட்டரோட முடிஞ்சுடும். ஆனா துணிக்கும் தடிமன் இருக்குல்ல, அதனால ரெண்டு மடங்கு துணி மாட்டலாம்னு கணக்கு போடாதீங்க. மிச்சமான இடத்த அப்படியே காலியா விடுங்க. ரெண்டு சட்டைக்கு நடுவுல கை போற அளவுக்கு இடம் இல்லன்னா நீங்க அயர்ன் பண்ணதெல்லாம் வேஸ்ட், உள்ளயே கசங்கிடும், எந்தத் துணிய எடுக்கறதுக்கும் பக்கத்துல இருக்கறதோட மல்லுக்கட்டணும்.

அடுத்தது பிடிமானம். இதுல இருக்கறது நெசவு வெல்வெட் துணி இல்ல, பிளாஸ்டிக் மேல பசை தடவி அதுல பொடிப்பொடியான நைலான் இழைய ஒட்ட வச்சிருப்பாங்க, ஃப்ளாக்கிங்னு பேரு. அந்த இழைதான் துணியப் பிடிச்சுக்கற வேலையச் செய்யுது. சில்க், சாட்டின், கழுத்து அகலமா இருக்கற டாப்ஸ், இதெல்லாம் வழுவழு பிளாஸ்டிக்ல நிக்கவே நிக்காது, அலமாரிக்கு அடியில சுருண்டு கிடக்கும், அடியில கிடந்தா அத யாரு காலைல தேடி எடுத்துப் போடப் போறாங்க. இதுல போட்ட இடத்துலயே நிக்குது, சட்டைக்கு மேல் பட்டன் ஒண்ணு போட்டாப் போதும்.

அதே பிடிமானம்தான் இதோட மைனஸும். ஒரு கையால வெடுக்குன்னு உருவற பழக்கம் இருந்தா டி-ஷர்ட் கழுத்து சீக்கிரமே தொளதொளன்னு ஆயிடும். டி-ஷர்ட்ட மாட்டும்போது கழுத்து வழியா ஹேங்கரத் திணிக்கக் கூடாது, கீழ் விளிம்பு வழியா உள்ள விட்டு கொக்கிய மட்டும் கழுத்து வழியா வெளிய எடுக்கணும், எடுக்கும்போதும் ஒரு பக்கத் தோள முதல்ல விடுவிச்சுட்டு அப்புறம் மறுபக்கம். ரெண்டு செகண்ட் அதிகம் ஆகும், அதுக்குப் பொறுமை இல்லாதவங்க டி-ஷர்ட்ட மடிச்சே வச்சுக்கலாம், அதுக்கு ஹேங்கரே தேவையில்ல.

ஈரத் துணிய இதுல போடவே போடாதீங்க, இத அழுத்திச் சொல்றேன். பசை இளகி இழை உதிரும், அடர் கலர் ஹேங்கரா இருந்தா சாயம் வெள்ளைச் சட்டை தோள்ல ஏறிடும். புது பாக்கெட் பிரிச்சவுடனே ஒரு வெள்ளைக் கர்ச்சீப்ப லேசா நனைச்சு ஹேங்கரோட தோள் மேல அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க. கலர் ஒட்டிச்சுன்னா அந்த செட்டத் திருப்பிக் குடுத்துடுங்க. பிசுறு மட்டும் வந்தா பரவால்ல, ஒரு தடவ உலர்ந்த துணியால துடைச்சா பெரும்பாலும் நின்னுடும். கருப்பு பாக்க அழகா இருக்கும்தான், ஆனா வெளிர் கலர் துணி அதிகமா வச்சிருக்கறவங்க ஹேங்கரையும் வெளிர் கலர்லயே எடுத்துடறது நிம்மதி. பசை வாசனை இருந்தா காத்தோட்டமான இடத்துல பரப்பி வச்சுட்டு அப்புறமா உள்ள மாட்டுங்க.

எதுக்கு வேண்டாம்னா, கனமான கோட்டுக்கு வேண்டாம். கோட்டோட தோள் வடிவம் நிக்கணும்னா அகலமான வளைவுள்ள மர ஹேங்கர்தான் சரி, இந்த மெல்லிசு தோள் அத தாங்காது, கனமான ஜீன்ஸ் ரெண்ட சேத்து தொங்க விட்டாலும் கீழ்க்கம்பி தோளோட சேர்ற மூலையிலதான் முதல்ல விரிசல் விடும். ஸ்வெட்டருக்கு எந்த ஹேங்கருமே வேண்டாம், பின்னல் துணி தன் எடையிலயே கீழ இறங்கி நீண்டுடும், மடிச்சு தட்டுல வைங்க. இன்னொண்ணு அகலம். பெரியவங்களுக்குன்னு வர்ற ஹேங்கர் பொதுவா 44, 45 சென்டிமீட்டர் இருக்கும், தோள் குறுகலா இருக்கறவங்களுக்கு அது கைப்பக்கம் துருத்திக்கிட்டு ஒரு முட்டு விழ வச்சுடும், அந்த முட்டோட சட்டையப் போட்டுட்டு போனா பாக்க நல்லாவே இருக்காது. ஹேங்கர் முனை தோள் தையலுக்குக் கொஞ்சம் உள்ளயே முடியணும், வாங்கறதுக்கு முன்னாடி உங்களுக்கு நல்லா ஃபிட்டாகற ஒரு சட்டைய தோள் தையல்லேருந்து தையல் வரைக்கும் டேப் வச்சு அளந்துட்டு போங்க.

கூடவே அடுக்கு ஹேங்கரும் வாங்கிப் பாத்தேன், ஒண்ணுலயே அஞ்சு பேன்ட் தொங்க விடறது. அது வேண்டவே வேண்டாம். மேல இருக்கறது மட்டும்தான் தெரியும், நடுவுல இருக்கறத இழுத்தா மத்ததும் சேந்து சரியும், கண்ணுக்குத் தெரியணும்ங்கற விஷயமே அடிபட்டுப் போயிடுது.

ஹேங்கர மாத்திட்டா மட்டும் போதாது, வரிசையும் முக்கியம். நிறையப் பேரு கலர் வாரியா அடுக்குவாங்க, ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும். என் அனுபவத்துல முதல்ல எங்க போட்டுட்டு போறதுங்கறத வச்சுப் பிரிக்கறதுதான் காலை நேரத்துல உதவுது. வேலைக்குப் போடறது ராடோட நடுவுல, கை நேரா போற இடத்துல. விசேஷத்துக்கு போடறது ஓரத்துல. அதுக்குள்ள வேணும்னா கலர் பாருங்க. ஒபாமா அதிபரா இருந்தப்ப 2012ல ஒரு பேட்டியில, சாம்பல் இல்லன்னா நீலம், இந்த ரெண்டு கலர் சூட்தான் போடறேன், முடிவெடுக்க வேண்டிய விஷயத்தக் குறைக்கறேன்னு சொன்னாரு. நாம துணியக் குறைச்சுக்கணும்னு அவசியமில்ல, காலைல கண்ணு முன்னாடி நிக்கறத குறைச்சாலே அந்தப் பலன் கிடைச்சுடும்.

இந்த ஹேங்கர்ல கொக்கி முழுசா சுத்தும், அது எவ்ளோ உபயோகம்னு வாங்கினப்புறம்தான் தெரிஞ்சுது. எல்லாக் கொக்கியையும் பின்பக்கமா திருப்பி மாட்டிட்டு, போட்டுத் துவைச்சு வர்ற துணிய மட்டும் முன்பக்கமா மாட்டிக்கிட்டே வரணும், கொஞ்ச மாசம் போனா எதத் தொடவே இல்லன்னு அப்பட்டமா தெரிஞ்சுடும். கொக்கி சுத்தாத ஹேங்கர்ல இத செஞ்சா சட்டையே திரும்பி நிக்கும், ஒண்ணு அந்தப் பக்கம் ஒண்ணு இந்தப் பக்கம்னு இருக்கும், இதுல சட்டையெல்லாம் ஒரே பக்கம்தான் பாத்துட்டு இருக்கும். குளிருக்குன்னு, விசேஷத்துக்குன்னு வச்சிருக்கறத மட்டும் இந்தக் கணக்குல சேர்க்காதீங்க.

வாங்கும்போது கொக்கிய இழுத்தும் சுத்தியும் பாருங்க, சுத்தச் சுத்த கழண்டு வர்ற மாதிரி இருந்தா எடுக்காதீங்க. இருக்கற துணிய எண்ணிட்டு ஒரு பத்து சேர்த்தே வாங்கிடுங்க, ஏன்னா அப்புறமா போனா அதே மாடல், அதே கலர், அதே கொக்கி உயரம் கிடைக்கறது கஷ்டம், திரும்பவும் ரெண்டு ரகம் கலந்துடும்.