முகமா, முழங்கையா? சூப்பர்ஹீரோ பொம்மை ஆர்டருக்கு மூன்று வழிகள்

பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் உட்கார்ந்து சூப்பர்ஹீரோ ஆக்‌ஷன் ஃபிகர் ஆர்டர் எடுப்பதில் ஒரு வசதி உண்டு. வாடிக்கையாளர்கள் எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். சாமான் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் பஸ் பிடித்தால் போதும். யார் வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: “ஏனுங்ணா, மூஞ்சி அப்படியே வந்துருமில்ல?”

வந்துவிடும். முகம் இப்போது பெரிய சவாலே இல்லை. கேட்க வேண்டியது முழங்கையைப் பற்றி. பொம்மை கையை மடக்க வேண்டுமா, இல்லை அலமாரியில் ஒரே போஸில் நின்றால் போதுமா? அது தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. கடையில் விற்கும் ஃபிகரை வாங்கி அறுத்து, ஒட்டி, பெயின்ட் மாற்றுவதா, கம்ப்யூட்டரில் உருவம் செய்து, திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைக்கும் ரெசின் பிரின்டரில் எடுப்பதா, களிமண்ணில் கையால் செய்து சிலிக்கான் அச்செடுத்து வார்ப்பதா என்பது அதற்குப் பிறகு தானாகவே தெளிந்துவிடும்.

கை கால் மடங்க வேண்டும் என்றால் யோசிக்கவே வேண்டாம், கடை ஃபிகர்தான். மார்வெல் லெஜெண்ட்ஸ் வகையில் 15 செ.மீ. உயரத்துக்குள் 20-க்கு மேல் ஜாயின்ட் வைத்திருப்பார்கள். நூறு தடவை மடக்கினாலும் தளராத முட்டியை வீட்டு மேசையில் செய்ய முடியும்தான், ஆனால் அதற்கு ஆகும் நேரத்துக்கு யாரும் காசு தரமாட்டார்கள். சிக்கல் விலையில் இருக்கிறது. பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70 ஆனது. அதனால் பெட்டி பிரிக்காத புது ஃபிகரை வாங்கி அறுப்பது வீண் செலவு. முதுகில் தொங்கும் கேப் கிழிந்தது, ஆயுதம் தொலைந்தது, பெயின்ட் உரிந்தது என்று சேகரிப்பவர்கள் தள்ளிவிடுவதைத் தேடிப் பிடிக்க வேண்டும். எப்படியும் நாம் உரிக்கத்தானே போகிறோம்.

தலையைக் கழற்ற வெந்நீரில் ஒரு நிமிடம் முக்கினால் போதும். பூட்ஸ், பெல்ட், தோள்கவசம் எல்லாம் எபாக்சி புட்டியில், அதாவது இரண்டு பகுதியைப் பிசைந்தால் இறுகும் பசையில், வரும். ஹார்டுவேர் கடை எம்-சீல் மலிவு, ஆனால் நகாசு வேலை முடிவதற்குள் இறுகிவிடும், மேல்பரப்பும் கொஞ்சம் சொரசொரப்பு. சிற்பத்துக்கென்றே விற்கும் புட்டி இரண்டு மூன்று மணி நேரம் வளைந்துகொடுக்கும். பட்டைக்கு எம்-சீல், முகத்துக்கு அது என்று பிரித்துக்கொள்ளலாம். பெயின்ட்டில்தான் கவனம் வேண்டும். ஃபிகரின் மென்மையான பிவிசி பிளாஸ்டிக் மேல் எனாமல் ஸ்ப்ரே அடித்தால் மாதக்கணக்கில் பிசுபிசுவென்றே இருக்கும். அக்ரிலிக்தான் சரி. அப்புறம், முட்டியின் உள்பக்கத்தை முதலிலேயே உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து இடைவெளி விட வேண்டும். விடாவிட்டால் வாடிக்கையாளர் முதல் தடவை காலை மடக்கும்போதே நீலம் போய்ப் பழைய சிவப்பு எட்டிப்பார்க்கும்.

ஆனால் எந்தக் கடை ஃபிகரிலும் அடங்காத ஆளைக் கேட்டால்? இரும்புக்கை மாயாவியை எடுத்துக்கொள்ளுங்கள். 1972-ல் சிவகாசி முத்து காமிக்ஸ் இவரோடுதான் தொடங்கியது, அதனால் ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கேட்கிற ஆள் இவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துபோகும், வலது கை மட்டும் தெரியும். இதை ரெசின் பிரின்ட்டில் செய்வதே ஒரு சுகம். உடம்பைக் கண்ணாடி போன்ற கிளியர் ரெசினில் எடுக்க வேண்டும், அதுவும் உள்ளே குடையாமல் கெட்டியாக. குடைந்தால் உள் சுவரும் வடிகால் ஓட்டையும் வெளியே தெரியும். பிரின்ட் ஆகும்போது உருவத்தைத் தாங்கி நின்ற சப்போர்ட் குச்சிகளை வெட்டிய தழும்புகளை 400-லிருந்து 2000 நம்பர் வரை தண்ணீர்த்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பளபளப்பு வார்னிஷ் அடித்தால் மங்கல் போய்த் தெளிந்துவிடும். புற ஊதா விளக்கில் அதிகம் காட்டினால் மஞ்சள் பாய்ந்துவிடும். மாயாவி காமாலைக்காரர் ஆகிவிடுவார். கையைத் தனித்துண்டாக எடுத்து, பளபளக்கும் கறுப்பு அடித்து, அதன் மேல் மெட்டாலிக் வெள்ளி. கறுப்பு அடி இல்லாமல் வெள்ளி அடித்தால் இரும்பு மாதிரி இருக்காது, சாம்பல் பூசின மாதிரிதான் இருக்கும்.

0.05 மி.மீ. அடுக்கில் எடுத்த பிரின்ட்டில் பெயின்ட்டுக்குப் பிறகு கோடு தெரியாது. இன்னொரு லாபம், நேரம் உயரத்தைப் பொறுத்தது, எண்ணிக்கையைப் பொறுத்ததில்லை. ஒரு தலைக்கு ஆகும் நேரத்திலேயே தட்டில் கொள்கிற அத்தனை தலையும் வந்துவிடும். குறை, சாதாரண ரெசின் உடையும். டிவி ஸ்டாண்டிலிருந்து விழுந்தால் மணிக்கட்டு போச்சு. எளிதில் உடையாத ‘டஃப்’ ரெசின் கலந்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் மடங்கும் முழங்கையை அதில் நம்ப முடியாது. வாடை, கையுறை, கழுவும் ஆல்கஹால் என்று தனி அறையே வேண்டும். சமையலறைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழைச்சுருளை உருக்கி ஓடும் பிரின்டர் மலிவுதான், கோடு தேய்த்தே கை ஓய்ந்துவிடும். போதாக்குறைக்கு பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகும். மார்ச் மாதப் பாலக்காட்டு வெயிலில் பூட்டின காருக்குள் வைத்துவிட்டுப் போனால் ஹீரோ கூனிவிடுவார். ஹெல்மெட்டுக்கும் பீடத்துக்கும் சரி, முகத்துக்கு வேண்டாம்.

அச்சும் வார்ப்பும் ஒரே ஒரு பொம்மைக்குக் கட்டாது. கல்லூரி விழாவுக்கு ஒரே மாதிரி இருபது கேட்டால் கட்டும். மூல உருவம் ரெசின் பிரின்ட்டாக இருந்தால் அச்சுக்கான சிலிக்கானில் பிளாட்டினத்தால் இறுகும் வகை, தொடும் இடமெல்லாம் இறுகாமல் ஒட்டும். டின்னால் இறுகும் வகைதான் பாதுகாப்பு. கந்தகம் கலந்த களிமண்ணிலும் அதே கதை. ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்கு மழை இறங்கிவிட்டால், அச்சில் ஊற்றி வார்க்கும் பாலியூரித்தேன் ஈரத்தை இழுத்துக் குமிழ் குமிழாகப் பொங்கும். இந்தப் பக்கம் அது மழைக்கு முன் முடிக்கிற வேலை.

என்னைக் கேட்டால் பெரும்பாலான ஆர்டருக்கு முதல் இரண்டையும் கலப்பதுதான் கெட்டிக்காரத்தனம்: உடம்பு கடையில் வாங்கியது, தலை பிரின்டரில் எடுத்தது. கழுத்துக் குமிழின் விட்டத்தை வெர்னியரில் அளந்து, தலைக்குள் குழியைக் கொஞ்சம் தாராளமாக வைத்தால் பழைய கழுத்திலேயே உட்கார்ந்து திரும்பும். மகன் முகத்தை ஹீரோ உடம்பில் கேட்கும் அப்பாக்களுக்கு இதைவிட நல்லது இல்லை. கண் திறக்கும் வேலை மட்டும் எந்த வழியிலும் குறையாது. ஒற்றை மயிர்த் தூரிகையில், இரண்டு கண்ணும் ஒரே திசை பார்க்கும்வரை அழித்து அழித்து எழுத வேண்டியதுதான். கூலியில் பாதியை அதற்கே வையுங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 2021 ஜனவரி முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விளையாடும் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். நாம் செய்வது பெரியவர்கள் அலமாரிக்கு; பில்லிலும் அப்படியே எழுதுங்கள். பிரபல ஹீரோக்கள் கம்பெனிகளின் சொத்து என்பதால், அவர்களை வரிசையாகச் செய்து கடை போடுவது வம்பு.

கொலுவில் வைக்க ஹீரோ வேண்டும் என்று கேட்பவர்கள் புரட்டாசி பிறந்த பிறகுதான் வருகிறார்கள். ஆடியிலேயே வந்தால் பிரின்ட்டுக்கும் பெயின்ட் காய்வதற்கும் நேரம் இருக்கும். படியில் அசையாமல் நிற்கப் போகிற ஆளுக்கு முழங்கையும் மடங்க வேண்டியதில்லை, விலையையும் குறைத்துச் சொல்லலாம்.