துணிப் பேட் மூன்று வகை: சுங்கை சிப்புட் மழைக்கும் வெயிலுக்கும் எது ஒத்துவரும்?

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், மாதவிலக்குக்குத் துவைத்துத் துவைத்துப் போடும் துணிப் பேட் இப்போது மூன்று வகையாகக் கைக்கு வருகிறது. இணையத்தில் கட்டாக விற்கும் கறுப்பு நிற ‘மூங்கில் கரி’ பேட் ஒன்று. தையல்காரம்மாக்கள் பூப்போட்ட பருத்தித் துணியில் தைத்துத் தருவது இன்னொன்று. அடித்துண்டு தனி, மடித்துச் செருகும் துணி தனி என்று இரண்டாகப் பிரிவது மூன்றாவது. இது கடையில் தொங்காது, கேட்டால் தைத்துத் தருவார்கள். எங்கள் ஓட்டு மூன்றாவதுக்கே. மற்ற இரண்டையும்விட இது அதிகம் உறிஞ்சாது, ஆனால் சீக்கிரம் காயும்.

உறிஞ்சும் அளவைப் பற்றி விளம்பரங்கள்தான் ரொம்ப அலட்டிக்கொள்கின்றன. ஒரு மாதவிலக்கு முழுக்கப் போகும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிலிட்டர். 80-ஐத் தாண்டினால்தான் மருத்துவர்கள் அதை அதிகப்போக்கு என்பார்கள். நான்கைந்து நாளில் பிரிந்து வரும் இந்த அளவைச் சில மடிப்புப் பருத்தித் துணியே தாங்கும். பாட்டிமார் கிழித்து வைத்த பழைய சேலைத் துணியும் தாங்கியது. தப்பு நடந்தது காயவைத்த இடத்தில்: யார் கண்ணிலும் படக்கூடாது என்று குளியலறை மூலையிலும் கட்டிலுக்கு அடியிலும் போட்டால் எந்தத் துணிதான் காயும்? ஒடிசாவில் மருத்துவமனைக்கு வந்த பெண்களை வைத்து நடத்தி 2018-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. துணியை வீட்டுக்குள் காயவைத்தவர்களுக்கும் கழிவறைக்குள் ஒளித்து வைத்தவர்களுக்கும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று கூடுதலாக இருந்தது.

கறுப்புப் பேட் தொட்டால் மெத்தென்று இருக்கும், தோலில் ஈரம் தெரியாது. அட்டையில் மூங்கில் என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் பாலியெஸ்டர் கலந்த துணிதான். ஓரத்தில் ஒரு நூலை உருவி நெருப்புக் குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தியோ மூங்கில் நாரோ காகிதம் கருகும் வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். உள்ளே இருப்பது பல பேட்களில் மைக்ரோஃபைபர், அதாவது கார் துடைக்கும் துணியின் பங்காளி. நிறையக் குடிக்கும், அழுத்தினால் கக்கிவிடும். மோட்டார்சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து செம்மண் பாதையில் நாலு பள்ளம் ஏறி இறங்கினால் ஓரம் வழியாகத் தொடையில் கசிவது இதனால்தான்.

அதைவிடப் பெரிய குறை, எல்லா அடுக்கையும் ஒன்றாக வைத்துத் தைத்திருப்பதால் மேலே காய்ந்து நடுவில் ஈரம் நிற்பது. பேட்டின் நடுப்பகுதியை இரண்டு விரலால் பத்து விநாடி இறுக்கிப் பிடித்துவிட்டு, அந்த இடத்தைக் கன்னத்தில் ஒற்றுங்கள். சில்லென்று பட்டால் இன்னும் காயவில்லை. மழை நாளில் இரண்டு நாள் ஆனாலும் சில பேட்கள் சில்லென்றே இருக்கும். கறை தெரியாத கறுப்பு வசதிதான். ஆனால் அழுக்கு போயிற்றா என்பதும் தெரியாது. அலசும் தண்ணீர் தெளிந்து வருகிறதா என்பதை மட்டும்தான் நம்ப முடியும். கடைசி நாள், சொட்டுச் சொட்டாக வரும் நேரம், இவற்றுக்கு மெல்லிய கறுப்பு லைனர் (சிறிய மெல்லிய பேட்) போதும். அதற்கு மேல் வேண்டாம்.

தையல் கடைப் பேட்டை வாங்கும் முன் திருப்பிப் பாருங்கள். அடித்துணி பியூஎல் என்ற தண்ணீர் புகாத துணியாக இருந்தால் ஒரு பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் படலம் பளபளக்கும். வாயை வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் போகாது. அந்த அடித்துணியின் நடுவில் தையல் ஓடியிருந்தால் வாங்காதீர்கள். மேலே பூ வடிவத்தில், கோடு கோடாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு ஊசித் துளையும் ஒரு ஓட்டை, நூல் திரி மாதிரி ஈரத்தை இழுத்து வெளியே விடும். கசிவு வட்டமாக இல்லாமல் நேர்க்கோடாக இருந்தால் காரணம் இதுதான். உள் அடுக்குகளை மேல்துணியோடு மட்டும் சேர்த்துத் தைத்து, அடித்துணியைக் கடைசியில் சுற்று ஓரத்தில் மட்டும் பிடிக்கச் சொல்ல வேண்டும். நூலும் பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூல் ஈரத்தைக் குறைவாக இழுக்கும். உள்ளாடைக்கு அடியில் மடித்துப் போடும் இறக்கைக்குப் பிளாஸ்டிக் பிரஸ் பட்டன் கேளுங்கள். இரும்பு பட்டன் நம் ஊர் ஈரத்துக்குத் துருப்பிடிக்கும், வெல்குரோ தொடையைக் கீறும்.

இரண்டு துண்டு வகையின் சூட்சுமம் ரொம்பச் சின்னது. அடித்துண்டு 25 செ.மீ. நீளம், இறக்கையும் பியூஎல்லும் அதில் இருக்கும். இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு நாடா. செருகும் துணி 24 செ.மீ. நீளம், 21 செ.மீ. அகலத்தில் இரண்டு அடுக்கு பருத்தி பிளானல், ஓரம் மடித்துத் தைத்தது. அதை நீளவாக்கில் மூன்றாக மடித்தால் 7 செ.மீ. அகலத்தில் ஆறு அடுக்கு ஆகும். நாடாவுக்குள் செருகினால் முடிந்தது. இரவுக்கு இரண்டு செருகலாம். துவைத்த பிறகு விரித்துக் கொடியில் போட்டால் அது வெறும் இரண்டு அடுக்குக் கைக்குட்டை. காலை எட்டு மணிக்குப் போட்டால், வெயில் நன்றாக அடித்தால், மதியச் சாப்பாட்டுக்குள் எடுத்துவிடலாம். பார்க்கிறவர்களுக்கும் அது என்னவென்று தெரியாது. அந்த வசதி எந்த விளம்பரத்திலும் வராது.

குறை இல்லாமல் இல்லை. நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்தால் சில மாதத்தில் தளர்ந்து, துணி ஒரு பக்கமாகச் சுருண்டுவிடும். பருத்தி நாடாவே வைக்கச் சொல்லுங்கள். கழற்றும்போது கையில் படும், பொதுக் கழிவறையில் இது தொல்லை. இறக்கையைப் போட்டாலும் ஒட்டும் பசை கிடையாது, அதனால் உள்ளாடை தொளதொளவென்று இருந்தால் நடக்க நடக்கப் பேட் பின்னால் நகரும். கச்சிதமான பருத்தி உள்ளாடை இல்லாமல் எந்தத் துணிப் பேட்டையும் குறை சொல்வது நியாயமில்லை.

இங்கே வேலைக்குப் போகிறவர்களை வைத்துத்தான் எதையும் கணக்குப் பார்க்க வேண்டும். விடியும் முன்பே ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்கள், செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்குகிறவர்கள், ஃபேக்டரி பஸ் ஏறுகிறவர்கள், யாருக்கும் நினைத்த நேரத்தில் கழிவறை கிடைக்காது. நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவது முறை. கிளம்பும்போது புதிது போட்டு, மாற்றுத் துணி இரண்டையும் ஜிப் வைத்த தண்ணீர் புகாத பையையும் எடுத்துக்கொண்டால் சமாளிக்கலாம். பயன்படுத்தியதை உள்பக்கமாக மடித்துப் பைக்குள் போட்டு, வீடு வந்ததும் முதல் வேலையாக வெளியே எடுத்துவிட வேண்டும். மறுநாள் வரை பைக்குள் கிடந்தால் வாடை துணியிலேயே தங்கிவிடும்.

புதிதாக வாங்கிய துணியை மூன்று முறை துவைத்துக் காயவைத்த பிறகே போடுங்கள். கஞ்சியும் எண்ணெய்ப் பசையும் போகாத பருத்தி, தண்ணீரை உருட்டி விடும். ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் உடனே உள்ளே போக வேண்டும். பயன்படுத்திய பிறகு குளிர்ந்த தண்ணீரில் அலசி, கட்டிச் சவர்க்காரம் தேய்த்து, அரை மணி நேரம் ஊறவிட்டுக் கசக்கி, இரண்டு முறை அலசினால் போதும். சுடுதண்ணீர் ஆகாது, இரத்தத்தின் புரதம் வெந்து கறை துணியோடு பிடித்துக்கொள்ளும். சாஃப்ட்னர் போட்டால் நாரின் மேல் மெழுகுப்பூச்சு மாதிரி படிந்து உறிஞ்சாது. குளோராக்ஸ் மாதிரி ப்ளீச்சும் இஸ்திரிப் பெட்டியும் பியூஎல்லைக் கெடுத்துவிடும். பேராவில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் இடிமழை கொட்டும், ஆகவே காலையிலேயே கொடிக்குப் போய்விட வேண்டும். கூச்சமாக இருந்தால் மேலே மெல்லிய ஒற்றைத் துணி ஒன்று போதும். மடித்த கைலியைப் போட்டு மூடினால் மறுபடியும் கட்டிலடிக் கதைதான்.

எத்தனை வேண்டும்? முதல் இரண்டு நாளில் நாளுக்கு ஐந்து மாற்று, காய ஒரு நாள். மூன்று அடித்துண்டும் பத்துச் செருகு துணியும் சரியாக வரும், மழைக்காலத்துக்கு இன்னும் கொஞ்சம் துணி. அடித்துண்டில் கறை படாவிட்டால் துணியை மட்டும் மாற்றினால் போதும். காசுக் கணக்கை உங்கள் கடை விலையில் போட்டுப் பாருங்கள். போட்டதும் எறியும் கடைப் பேட் ஒன்று 50 சென், மாதம் 20 என்றால் 10 ரிங்கிட், ஆண்டுக்கு 120. இந்தத் தொகைக்குள் ஒரு செட் தைக்க முடிந்தால் இரண்டாம் ஆண்டு முதல் லாபம். ‘ஐந்தாண்டு உழைக்கும்’ என்ற அட்டை வாசகத்தை விடுங்கள். பியூஎல் படலம் உரிந்து வெள்ளைத் தூளாக உதிரத் தொடங்கினால் அந்தத் துண்டின் ஆயுள் முடிந்தது.

இந்தியாவில் மறுபயன்பாட்டுப் பேட்களுக்கென்றே 2021-இல் ஐஎஸ் 17514 என்ற தர விதி வந்தது. இந்திய இறக்குமதிப் பேட் கண்ணில் பட்டால் அட்டையில் இந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

குழாயில் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கிற வீட்டுக்கும், கொடி கட்ட இடமில்லாத விடுதிப் பிள்ளைகளுக்கும் துணிப் பேட்டைத் திணிக்கக் கூடாது. அவர்களுக்குக் கடைப் பேட்தான் சுகாதாரம். அரிப்போ வெள்ளைப்படுதலோ இருந்து மருந்து எடுக்கும் நாள்களிலும் அப்படியே. மணிக்கு ஒருமுறை நனைந்து மாற்ற வேண்டியிருந்தாலோ, 50 சென் நாணயத்தைவிடப் பெரிய இரத்தக் கட்டிகள் விழுந்தாலோ பேட்டை மாற்றிப் பயனில்லை. ஒரு ரிங்கிட் கட்டணம் செலுத்தி கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் காட்டி, இரத்தசோகைக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதல் தடவையே ஒரு செட் தைக்கக் கொடுத்துவிடாதீர்கள். ஓர் அடித்துண்டு, இரண்டு செருகு துணி மட்டும் வாங்கி, வேலையில்லாத ஒரு நாளில் வீட்டில் போட்டுப் பாருங்கள். இறக்கை இறுக்கமா, நாடா பிடிக்கிறதா என்பது அன்றைக்கே தெரியும். பட்டனை அரை செ.மீ. தள்ளி வைக்கத் தையல்காரம்மாவிடம் சொல்ல அப்போதும் நேரம் இருக்கும்.