சர்விக்ஸ் நீளம் குறைவு: தையலா, மாத்திரையா, பெட் ரெஸ்ட்டா?

ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் குழந்தையின் இதயம், முதுகெலும்பு, கை கால் எல்லாம் சரியாக இருக்கும். கடைசியில் ஒரு வரி: சர்விக்ஸ், அதாவது கருப்பை வாயின் நீளம் 2.1 செ.மீ. அன்று சாயங்காலமே வீட்டில் மூன்று கட்சி உருவாகிவிடும். "அசையாம படுத்திரும்மா" என்பார் மாமியார். "எனக்குத் தையல் போட்டுத்தான் இவன் பொறந்தான், நீயும் போட்டுக்கோ" என்பாள் அக்கா. டாக்டரோ ராத்திரிக்கு ஒரு மாத்திரையை உள்ளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இரண்டு வாரம் கழித்து வாருங்கள் என்று அனுப்பியிருப்பார். குழந்தை குறைமாதத்தில் பிறந்துவிடுமோ என்ற இவ்வளவு பெரிய பயத்துக்கு இவ்வளவு சின்ன மாத்திரையா என்று அந்தப் பெண்ணுக்குத் தூக்கம் வராது.

என் கட்சி எது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படுக்கை தோற்கும். தையலும் மாத்திரையும் நேருக்கு நேர் மோதுவதே குறைவு. எது யாருக்கு என்பதை ஸ்கேனில் வந்த எண்ணோடு சேர்த்து, போன பிரசவத்தில் என்ன நடந்தது என்பதும் முடிவு செய்கிறது.

அந்த எண்ணை எப்படி எடுத்தார்கள் என்பதைப் பார்க்காமல் சிகிச்சையைப் பேசக் கூடாது. வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால் கருப்பை வாய் அழுந்தி, உண்மையைவிட நீளமாகத் தெரியும். சரியான முறை பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள் ஸ்கேன்தான்: சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுக்க வேண்டும், கருவியை அழுத்தாமல் பிடிக்க வேண்டும், சில நிமிடங்களில் மூன்று முறை அளந்து அதில் குறைந்ததை எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த மாதங்களில் பொதுவாக 35 முதல் 40 மி.மீ. இருக்கும். 24 வாரத்துக்குள் 25 மி.மீ. அல்லது அதற்குக் கீழே போனால்தான் 'குறைவு' என்று கணக்கு. உள் ஸ்கேன் குழந்தைக்கு ஆகாது என்ற பயம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கருவி கருப்பை வாய்க்குள் நுழைவதே இல்லை, அதனால் அந்தப் பயம் வேண்டாம். ரிப்போர்ட்டில் எந்த முறையில் அளந்தார்கள் என்று போடவில்லை என்றால் கேளுங்கள்.

தையல்

இந்தத் தையலுக்கு நம் நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. 1955-இல் இதை உலகுக்குச் சொன்னவர் மும்பை மகப்பேறு மருத்துவர் வி. என். ஷிரோத்கர். கருப்பை வாயைச் சுற்றிக் கட்ட அவர் முதலில் பயன்படுத்தியது நூலைக்கூட அல்ல, அந்தப் பெண்ணின் தொடையிலிருந்தே எடுத்த திசுப் பட்டை. இரண்டு வருடம் கழித்து, 1957-இல், மெல்பர்னில் மெக்டொனால்டு என்பவர் இன்னும் எளிதான முறையைச் சொன்னார். கருப்பை வாயைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஊசியைக் குத்தி எடுத்து, சுருக்குப் பையின் கயிற்றை இழுப்பதுபோல் இழுத்து முடிச்சுப் போடுவது. இன்றைக்கு அதிகம் போடுவது இந்த இரண்டாவது வகைதான்.

முதுகில் ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் முடிந்துவிடும் வேலை. 36, 37 வாரத்தில் தையலைப் பிரித்துவிட்டால் சுகப்பிரசவத்துக்குத் தடை இல்லை. "தையல் போட்டா சிசேரியன்தான்" என்பது வயிற்றைத் திறந்தோ லேப்ராஸ்கோப்பியிலோ மேலே போடும் தையலுக்கு மட்டும் பொருந்தும்.

யாருக்கு? ஏற்கெனவே நாலாம், ஐந்தாம் மாதத்தில் வலி பெரிதாக இல்லாமல் கரு வெளியே வந்துவிட்டவர்கள், குறைமாதத்தில் பெற்றவர்கள். இது பலமுறை நடந்திருந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் 12 முதல் 14 வாரத்திலேயே போட்டுவிடுவார்கள். ஒருமுறை நடந்திருந்தால் 16 வாரத்திலிருந்து அளந்துகொண்டே வந்து, 25-க்குக் கீழே போனால் போடலாம். இந்த இரண்டாவது வகைப் பெண்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2011-இல் பார்த்தபோது, 35 வாரத்துக்கு முன் பிரசவமானவர்கள் தையல் போடாதவர்களில் 41 சதவீதம், போட்டவர்களில் 28 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். அதே சமயம் தையலுக்குப் பிறகும் நாலில் ஒருவருக்கு மேல் சீக்கிரம் பிரசவமாகியிருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. அக்காவுக்குப் பலித்தது அக்காவின் முந்தைய கதையை வைத்துப் பலித்தது.

முதல் பிரசவம், பழைய சிக்கல் எதுவும் இல்லை, நீளம் மட்டும் குறைவு என்றால் தையலால் பெரிய பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. 10 மி.மீ.க்கும் கீழே இறங்கினால் யோசிப்பார்கள். தொற்று, ரத்தப்போக்கு, பனிக்குடம் உடைதல் போன்ற அபாயங்களும் கூட வருகின்றன என்பதால் 'சும்மா ஒரு பாதுகாப்புக்கு' போடுகிற சமாச்சாரம் இல்லை இது.

ஒருமுறை கீழ்த்தையல் (பிறப்புறுப்பு வழியாகப் போடும் வழக்கமான தையல்) போட்டும் குழந்தை தங்காமல் போனவர்களின் கணக்கு தனி. இவர்களிடம் பிரிட்டனில் ஓர் ஆய்வு நடந்து, 2020-இல் வெளிவந்தது. மறுபடியும் கீழ்த்தையலே போட்டவர்களில் 33 சதவீதம் பேருக்கு 32 வாரத்துக்குள் பிரசவம். வயிற்று வழியாக மேலே போட்டவர்களில் 8 சதவீதம்தான். "போன தடவை தையல் வேலைக்கு ஆகலையே" என்று விரக்தியில் இருப்பவர்கள் டாக்டரிடம் கட்டாயம் எடுத்துப் பேச வேண்டிய விஷயம்.

மாத்திரை

புரோஜெஸ்டிரோன். இரவு படுக்கும் முன் 200 மி.கி. கேப்சூலைப் பிறப்புறுப்பில் வைத்துக்கொள்வது, பெரும்பாலும் 34 முதல் 36 வாரம் வரை. மயக்க ஊசி இல்லை, அட்மிஷன் இல்லை. காலையில் எண்ணெய்ப் பசையோடு கொஞ்சம் வெள்ளையாக வெளியே வரும். "மருந்தெல்லாம் வெளியே வந்துடுச்சே" என்று பயப்பட வேண்டாம், மருந்து ராத்திரியே உடம்பில் சேர்ந்திருக்கும், வருவது கேப்சூலின் எண்ணெய்.

பழைய சிக்கல் இல்லாதவர்களுக்கு இதுதான் முதல் தேர்வு. 2007-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் நீளம் 15 மி.மீ. அல்லது அதற்கும் குறைவாக இருந்த பெண்களைத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதாவது நிஜமாகவே ஆபத்தில் இருந்தவர்கள். 34 வாரத்துக்குள் தானாகப் பிரசவமானது வெற்று மாத்திரை வைத்தவர்களில் 34 சதவீதம், மருந்து வைத்தவர்களில் 19 சதவீதம். அந்தச் சின்ன மாத்திரையைக் குறைத்து எடை போட வேண்டாம்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வாராந்திர ஊசியின் கதை வேறு. ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், இடுப்பில் 250 மி.கி. ஊசி என்றால் ஏதோ மாத்திரையைவிட வலுவானது என்ற நினைப்பு நமக்கு உண்டு. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி கிடைத்தது. பிறகு 1,700-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த பெரிய ஆய்வில் வெற்று ஊசிக்கும் இதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2023 ஏப்ரலில் அனுமதியைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். இங்கே இன்னும் எழுதித் தருகிறார்கள். உங்கள் சீட்டில் இருந்தால், எதற்காக, மாத்திரையே போதாதா என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பில்லை.

படுக்கை

காலைத் தூக்கிவைத்துப் படுத்தால் குழந்தை கீழே இறங்காது என்பது கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கருப்பை வாய் திறப்பது வெறும் பாரம் தாங்காமல் நடப்பது இல்லை. அந்தத் திசுவே மென்மையாகிக் கரைந்து சுருங்கும் வேதிமாற்றம் அது. படுத்தால் அது நிற்காது. முதல் கர்ப்பத்தில் நீளம் 30 மி.மீ.க்குக் குறைவாக இருந்த 657 பெண்களைப் பற்றி 2013-இல் வந்த கணக்கில், நடமாட்டத்தைக் குறைக்கச் சொன்னவர்களில் 37 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம். சொல்லாதவர்களில் 17. ஆபத்து அதிகம் என்று தோன்றியவர்களையே படுக்கச் சொல்லியிருக்கலாம் என்பதால், படுத்ததுதான் காரணம் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் படுத்தது காப்பாற்றியது என்று சொல்ல இதில் துளியும் இடமில்லை.

நஷ்டங்கள் மட்டும் நிச்சயம். கர்ப்பத்தில் ஏற்கெனவே ரத்தம் எளிதில் உறையும். மாதக்கணக்கில் படுத்தால் காலில் ரத்தக்கட்டி அபாயம் கூடும். தசை வலு குறையும். மலச்சிக்கல், மனச்சோர்வு. வேலைக்குப் போகிறவர் என்றால் சம்பளமும் போகும். இவ்வளவையும் அந்தப் பெண்தான் சுமக்க வேண்டும், கடைசியில் குழந்தை முன்கூட்டிப் பிறந்தால் "சொன்னபடி படுத்தாளா?" என்ற கேள்வியும் அவளிடமே வரும். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. தண்ணீர்க் குடம் தூக்குவதையும் மணிக்கணக்கில் நிற்பதையும் வீட்டார் வாங்கிக்கொள்வது நல்லது, அது வேறு. பாத்ரூமுக்குக்கூட எழுந்து போகாதே என்பது மருத்துவம் இல்லை.

கருப்பை வாயில் மாட்டும் பெசரி எனப்படும் சிலிகான் வளையத்தையும் சிலர் கேட்பார்கள். அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள், 2023-இல் முடிவு வந்தது: குறைமாதம் குறையவில்லை, குழந்தை இறப்பு கூடியது போலத் தெரிந்தது. ஒற்றைக் குழந்தைக்கு அதை விட்டுவிடலாம்.

இரட்டைக் குழந்தை என்றால் மேலே சொன்ன எண்கள் எதையும் அப்படியே பொருத்தாதீர்கள். நீளம் குறைவு என்பதற்காக மட்டும் இரட்டையருக்குத் தையல் போட்டது பழைய ஆய்வுகளில் கெடுதலாகவே முடிந்திருக்கிறது. கருப்பை வாய் திறக்கவே ஆரம்பித்துவிட்டால் நிலைமை வேறு. அப்போது தையல் உதவலாம்.

இனி, மூன்று கட்சியும் பேச மறப்பது ஒன்று. எதைத் தேர்ந்தெடுத்தாலும் கொஞ்சம் பேருக்கு முன்கூட்டிப் பிறக்கத்தான் செய்யும். அப்போது குழந்தையைக் காப்பாற்றுவது எங்கே பிறக்கிறது என்பது. 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால் தாய்க்கு டெக்ஸாமெத்தசோன் 6 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒன்றாக நாலு ஊசி போடுவார்கள். குழந்தையின் நுரையீரல் அதனால் சீக்கிரம் பக்குவப்படும். ஒரு நாளாவது முன்னால் போய்ச் சேர்ந்தால்தான் இதன் முழுப் பலன் கிடைக்கும். அதனால் குறைமாதக் குழந்தைக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது, அருகிலுள்ள சீமாங்க் சென்டர் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சைக்கான அரசு மையம்) எது என்பதை இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பார்க்கும் டாக்டரிடம் அந்த வசதி இல்லை என்றால், அவருடைய பரிந்துரையோடு அங்கே ஒரு முறை பதிந்துவைப்பதும் நல்லது.

அடிவயிறு விட்டுவிட்டு இறுகுதல், இடுப்பு வலி, தண்ணீர் போல ஒழுகுதல், ரத்தக்கசிவு, காய்ச்சல் இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். தையல் போட்டிருந்தால் லேபர் வார்டில் நுழைந்ததும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை அதுதான். வலி தொடர்ந்து வரும்போது தையலை வெட்டாமல் விட்டால் கருப்பை வாய் கிழிந்துபோகும். கீழ்த்தையலா, வயிற்றுத் தையலா, எந்தத் தேதியில் போட்டது என்பதைத் தாய்சேய் அட்டையின் முன்பக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.